பிள்ளை பருமனா? வீட்டு வழக்கத்தைப் பாருங்கள்!

விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர் நம் பிள்ளையைப் பார்த்து, "என்ன, இப்படி மெலிந்து போய்விட்டான்? உம்மா சோறு போடுவதில்லையா?" என்று கேட்டுவிட்டால், அன்றிரவு அந்த உம்மாவுக்கு உறக்கம் வராது. அதே உறவினர், "மாஷா அல்லாஹ்! கொழுகொழுவென்று இருக்கிறான்" என்று கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சிவிட்டுப் போனால் வீடே பூரித்துப் போகும். மெலிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுகிறோம். பசியெடுக்க டானிக் எழுதித் தருமாறு கேட்கிறோம். அளவு மீறிப் பருத்த பிள்ளையை அவ்வாறு அழைத்துச் செல்லும் பெற்றோர் நம்மில் எத்தனை பேர்?

இந்த எண்ணத்திற்கு ஒரு காரணம் உண்டு. நம் உம்மம்மாமார் பிள்ளை வளர்த்த காலம் அம்மை, கக்குவான், வயிற்றுப்போக்கு ஆகியவை வீடு வீடாக வந்து போன காலம். பத்து நாள் காய்ச்சலைத் தாங்கிப் பிள்ளை எழுந்து உட்கார வேண்டுமென்றால் உடம்பில் சற்றுச் சதை இருந்தாக வேண்டும். அரிசிக்கும் சீனிக்கும் தட்டுப்பாடு நிலவிய அந்நாளில் கொழுத்த பிள்ளை பாதுகாப்பான பிள்ளையாகவே கருதப்பட்டது. அது அனுபவத்தில் பிறந்த அறிவு, அதில் தவறில்லை. ஆனால் தடுப்பூசி வந்துவிட்டது. பண்டம் தெருமுனை வரை வந்துவிட்டது. பிள்ளை ஓடியாடிய திண்ணையும் முற்றமும் சுருங்கிவிட்டன. காலம் மாறியும் கண் மட்டும் பழைய கண்ணாகவே இருக்கிறது.

கணக்குச் சொல்லும் செய்தி

இது பணக்கார நாடுகளின் நோய், நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். 2022-ஆம் ஆண்டில் உலகில் 5 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுள் 39 கோடிக்கும் அதிகமானோர் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்தனர் என்றும், அவர்களுள் 16 கோடிப் பேர் உடற்பருமன் என்னும் நோய்நிலையை எட்டிவிட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 2025 செப்டம்பரில் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கை அதைவிடத் திகைப்பூட்டியது. இந்த வயதினரில் எடை குறைந்த பிள்ளைகளைவிட உடற்பருமன் கொண்ட பிள்ளைகளின் விகிதம் முதன்முறையாக மிகுந்துவிட்டது என்பதே அச்செய்தி. முந்தையது நூற்றுக்கு 9.2, பிந்தையது நூற்றுக்கு 9.4.

நம் நாட்டில் தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16-இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 2.1 பேரே எடை மிகுந்தோர் எனக் கண்டது. 2019-21-இல் அது 3.4 ஆயிற்று. இதே ஆய்வுதான் நூற்றுக்கு 35 பிள்ளைகளுக்கு மேல் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருப்பதையும் கூறுகிறது. ஒரே நாட்டில், சில வேளைகளில் ஒரே தெருவில், போதாமையும் மிகுதியும் அருகருகே குடியிருக்கின்றன.

நமக்கு ஏன் கூடுதல் கவலை?

மற்ற நாட்டுப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகளுக்கு இவ்விஷயத்தில் ஆபத்து அதிகம். புனே நகரில் மருத்துவர் யாக்னிக் அவர்களின் குழுவினர் அந்நகரத்தையொட்டிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். ஆங்கிலேயக் குழந்தையின் சராசரிப் பிறப்பு எடை 3.5 கிலோ, நம் குழந்தையின் எடை 2.7 கிலோ. இத்தனை சிறிய குழந்தையிடம் தசை குறைந்திருந்தது. கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தோன்றும் உடலுக்குள் கொழுப்புச் சேர்ந்திருக்கும் இந்த இயல்பு நம்மவருக்குப் பிறவியிலேயே தொடங்கிவிடுகிறது.

அந்தக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றைச் சுற்றியே சேருகிறது. அது சேரச் சேர, கணையம் சுரக்கும் இன்சுலின் தன் வேலையைச் சரிவரச் செய்ய முடியாமல் போகிறது. கணையம் மேலும் மேலும் சுரந்து களைக்கிறது. முடிவு, நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்த பேராய்வு 2023-இல் வெளியானபோது, நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடியே 10 லட்சம் பேர், அதன் வாசலில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் பேர் எனக் கண்டோம். நம் குடும்பங்களில் வாப்பாவுக்கோ உம்மம்மாவுக்கோ மாத்திரைப் பெட்டி இல்லாத வீடு எது? ஐம்பது வயதில் வந்த அந்த நோய் இப்போது பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளிடமும் தென்படுகிறது என்பதே குழந்தை மருத்துவர்களின் கவலை.

உடம்பு முன்கூட்டியே சில அடையாளங்களைக் காட்டும். பிள்ளையின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட்டுத் துணிபோல் தோன்றினால், அதை அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்கூட்டால் தேய்க்கும் தாய்மார் பலர். அது அழுக்கன்று; தேய்த்தால் போகாது. இன்சுலின் தடுமாறுவதை உடம்பு வெளியே எழுதிக் காட்டும் எழுத்து அது. உறக்கத்தில் குறட்டை, பகலில் சோர்வு, மூட்டு வலி, வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்குத் தவறுதல் ஆகியவையும் கவனிக்கத்தக்கவை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளியில் 'குண்டு' என்று பட்டப்பெயர் சூட்டப்பட்டு, விளையாட அழைக்கப்படாமல் ஓரமாக நிற்கும் பிள்ளையின் மன வேதனை எந்த இரத்தப் பரிசோதனையிலும் தெரிவதில்லை.

ஒரு நாடா போதும்

பிள்ளை பருமனா, அல்லவா என்பதைக் கண்ணளவால் முடிவு செய்யாதீர்கள். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். பெரியவர்களுக்கு ஒரே அளவுகோல்; பிள்ளைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்து அளவு மாறும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென 2015-இல் திருத்தி அமைத்த வளர்ச்சி வரைபடங்கள் குழந்தை மருத்துவரிடம் இருக்கும். ஆண்டுக்கு இரு முறை உயரமும் எடையும் அளந்து அதில் குறித்துத் தருமாறு கேளுங்கள்.

வீட்டிலேயே செய்யத்தக்க ஓர் எளிய சோதனையும் உண்டு. ஆறு வயதைக் கடந்த பிள்ளையின் உயரத்துக்குச் சரியாக ஒரு நாடாவை வெட்டிக்கொள்ளுங்கள். அதை இரண்டாக மடித்துப் பிள்ளையின் வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். நாடாவின் இரு முனைகளும் தொட்டுவிட்டால் நல்லது. எட்டவில்லையென்றால் வயிற்றுச் சுற்றளவு உயரத்தின் பாதியைத் தாண்டிவிட்டது என்று பொருள். 140 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு இடைச் சுற்றளவு 70 சென்டிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும்.

"இவனுக்கு ஏதோ சுரப்பிக் கோளாறு" என்று கூறித் தேற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. சுரப்பிக் கோளாற்றால் பருமனாகும் பிள்ளைகள் மிகச் சிலரே. அவர்கள் பெரும்பாலும் உயரம் வளராமல் குட்டையாக நின்றுவிடுவர். வயதுக்கேற்ப உயரமாகவும் அதற்கு மேல் பருமனாகவும் வளரும் பிள்ளைக்குக் காரணத்தைப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தேட வேண்டும்.

தனியாகப் பருத்தவன் எவனுமில்லை

ஏழு வயதுப் பிள்ளை கடைக்குச் சென்று மாதச் சாமான் வாங்குவதில்லை. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைப்பதில்லை. குளிர்பெட்டியில் பானப் புட்டிகளை அடுக்குவதில்லை. இரவு பதினொரு மணிவரை தொலைக்காட்சி ஓட வேண்டுமென்று சட்டம் போடுவதுமில்லை. இவை எல்லாம் பெரியவர்களின் செயல்கள். பின்னர் ஒருநாள் விழித்துக்கொண்டு, "நீ சோற்றைக் குறை, உனக்கு இனிப்புக் கிடையாது" என்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் தண்டனை விதிக்கிறோம். அண்ணனும் வாப்பாவும் பரோட்டா சாப்பிட, அவன் மட்டும் வெள்ளரிக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இது நீதியாகுமா? பலன்தான் தருமா? ஒளித்துத் தின்னும் பழக்கமே அதனால் வளரும்.

ஆகவே பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டிய முதல் விதி இது: பிள்ளைக்கென்று தனிப் பத்தியம் வேண்டாம், வீட்டுக்கென்று ஒரே வழக்கம் வேண்டும். மெலிந்த தங்கைக்கும் அது நல்லது. நீரிழிவுள்ள உம்மம்மாவுக்கும் நல்லது. வயிறு முன்தள்ளிய வாப்பாவுக்கும் நல்லது.

இரண்டாவது விதி, பங்கீடு. என்ன சமைப்பது, எந்த நேரத்தில் பரிமாறுவது, எங்கே அமர்ந்து உண்பது ஆகியவற்றைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையின் வயிறு முடிவு செய்யட்டும். இந்த எல்லையை இருவருமே மீறக் கூடாது. பிள்ளை நினைத்த நேரத்தில் நூடுல்ஸ் கேட்டால் கொடுப்பது ஒரு மீறல். போதும் என்ற பிள்ளையின் வாயில், "இன்னும் ஒரு வாய், உம்மாவுக்காக" என்று திணிப்பதும் மீறலே.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு தர்மசங்கடம் எழுகிறது. உணவை வீணாக்குதல் கூடாது என்பது நமக்கு மார்க்கம் கற்பித்த பண்பு. ஆகவே தட்டில் வைத்ததை மிச்சமின்றி உண்ணுமாறு வற்புறுத்துகிறோம். ஆனால் சிந்தித்துப் பாருங்கள்! வீண்விரயம் எங்கே தொடங்கியது? பிள்ளை மிச்சம் வைத்தபோதா, அகப்பையால் அள்ளி நாம் குவித்தபோதா? தேவைக்கு மேற்பட்ட சோறு குப்பையில் விழுந்தாலும் வீண்தான். பிள்ளையின் வயிற்றில் கொழுப்பாகத் தேங்கினாலும் வீண்தான். முதலில் சிறிதளவே பரிமாறுங்கள். வேண்டுமென்றால் மறுமுறை கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தட்டும் காலியாகும், வயிறும் அளவறியும். வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்னும் அளவை மதரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதைப் பிள்ளைக்குப் பாடமாகச் சொல்லிவிட்டுத் தட்டில் நேர்மாறாக நடந்துகொள்ளலாமா?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. கூடி உண்பதால் வரும் பாசமும் பொறுமையும் விலைமதிப்பற்றவை. ஆயினும் சஹனில் யார் எவ்வளவு உண்டார் என்பது தெரிவதில்லை. அன்பு மிகுந்த மூத்தோர் கறித்துண்டுகளைப் பிள்ளையின் பக்கமே தள்ளிவிடுவர். வழக்கத்தை விட வேண்டாம். தள்ளும் கையைச் சற்று அடக்கினால் போதும்.

அடுக்களையில் செய்ய வேண்டியவை

நம் உணவில் கறியும் மீனும் தாராளம். காய்கறி பெரும்பாலும் பெயரளவுக்கே. நெய்ச்சோறும் தாளிச்சாவும் கறியும் நிறைந்த வெள்ளிக்கிழமைத் தட்டில் பச்சை நிறம் தேடினால், தயிர்ச் சட்னியில் மிதக்கும் மல்லித்தழைதான் அகப்படும். நெய்ச்சோற்றை நிறுத்துமாறு யாரும் கூறவில்லை. அன்றாடத் தட்டில் பாதி காய், கீரை, பழம். கால் பங்கு சோறு அல்லது மற்றத் தானியம். கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, கொழுப்பு நீக்கிய இறைச்சி என்று அமைத்துக்கொண்டால், வாரம் ஒருமுறை வரும் நெய்ச்சோறு குடும்பத்தைக் கெடுத்துவிடாது. கடலோர ஊர்களில் கிடைக்கும் புதிய மீன் பெரும் பேறு. அதைப் பொரிப்பதைவிடக் குழம்பாக வைத்தால் மேலும் நன்று. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 45 கலோரி உள்ளது என்பதை நினைவிற்கொண்டு, சட்டியில் நேராகச் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். மாத இறுதியில் எத்தனை லிட்டர் மிச்சமென்று நீங்களே வியப்பீர்கள்.

இரவுக்குக் கடையிலிருந்து பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வரும் வழக்கம் நம் பகுதிகளில் வேரூன்றிவிட்டது. மைதாவும் எண்ணெயும் கூடிய அந்த உணவு, நார்ச்சத்து இல்லாமையால் விரைவில் மீண்டும் பசிக்க வைக்கும். ஆதலால் பிள்ளை எண்ணிக்கை தெரியாமல் உண்பான். வாரத்தில் இத்தனை நாள்தான் என்று வீட்டார் கூடி ஓர் எல்லை வகுங்கள்.

உண்பதைவிடப் பருகுவதில்தான் மறைந்த ஆபத்து மிகுதி. கோலா வகைப் பானங்களில் 100 மில்லி லிட்டருக்கு 10 கிராமுக்கும் அதிகமாகச் சீனி இருக்கிறது. 250 மில்லி லிட்டர் புட்டி ஒன்றைக் குடித்தால் ஏறத்தாழ 25 கிராம் சீனி, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி, உள்ளே போய்விடுகிறது. இரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாள் முழுவதற்கும் சேர்த்தே கூடுதல் சீனி 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது அறவே வேண்டாம் என்றும் அமெரிக்க இதயச் சங்கம் 2016-இல் அறிவித்தது. ஒரு புட்டியிலேயே அந்நாளின் பங்கு தீர்ந்துவிடுகிறது!

பழச்சாறாயிற்றே என்று எண்ணிப் பெட்டியில் அடைத்து வரும் மாம்பழப் பானத்தைக் கொடுப்பதும் பெரிதும் வேறுபட்டதன்று. பழத்தைப் பழமாகவே கடித்துத் தின்னக் கொடுங்கள். டப்பாவில் வரும் மால்ட் பானப் பொடிகளின் உறையைத் திருப்பிச் சீனியின் அளவைப் படியுங்கள். இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்னும் பிரிவில் வைத்து விற்கலாகாது என 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. தாகத்துக்குத் தண்ணீர், மோர், சீனி சேர்க்காத எலுமிச்சை நீர், எப்போதேனும் இளநீர் ஆகியவை போதும்.

பள்ளியைப் பொறுத்தவரை சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கொழுப்பும் உப்பும் சீனியும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பானங்களில் எவ்வளவு சீனி இருக்கிறது என்பதைக் காட்டும் பலகைகளை வைக்குமாறு சி.பி.எஸ்.இ. வாரியம் 2025-இல் தன் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றி மட்டும் கேட்காமல், இவற்றைப் பற்றியும் கேளுங்கள். நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகள் இதில் முன்னோடியாகத் திகழலாமே!

நோன்பும் பெருநாளும்

ரமலான் மாதம் உடலுக்கும் உள்ளத்துக்கும் பயிற்சி தரும் மாதம். ஆனால் மாத முடிவில் எடை கூடிய பிள்ளைகள் நம் வீடுகளில் இல்லையா? காரணம் எளியது. நோன்பு வைக்காத சிறு பிள்ளை காலையும் மதியமும் வழக்கம்போல் உண்கிறான். மக்ரிபு நேரத்தில் பெரியவர்களுடன் அமர்ந்து வாடா, சமூசா, பஜ்ஜி, கடற்பாசி, ரோஸ் சர்பத் ஆகியவற்றையும் உண்கிறான். பிறகு இரவு உணவும் உண்கிறான். நோன்பு பெரியவர்களுக்கு, பண்டம் மட்டும் பிள்ளைக்கு!

பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, சிறிது தேங்காய்ப்பால், சில இடங்களில் கொத்துக்கறி என அமைந்த அது முழுமையான உணவு. பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் ஒரு துண்டுப் பழமும் இருக்க, எண்ணெய்ப் பண்டம் நாளுக்கு ஒன்று போதும், மூன்று வேண்டாம். நோன்பு பழகும் பிள்ளையை ஸஹர் உண்ணாமல் விடாதீர்கள். நோன்பை எடை குறைக்கும் வழியாகப் பிள்ளையிடம் சொல்லவும் சொல்லாதீர்கள், அது வணக்கம்.

வலீமாவிலும் பெருநாளிலும் பிள்ளை மனம் மகிழ உண்ணட்டும். வட்டிலப்பமும் பிரியாணியும் அந்த நாளின் அழகு. ஆண்டில் சில நாள் உண்ணும் விருந்து பருமனுக்குக் காரணமாவதில்லை. விருந்து அன்றாடமாவதுதான் காரணம்.

விளையாட ஒரு மணி நேரம்

ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளையின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். விடிந்ததும் மதரஸா, பிறகு பள்ளி, மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம். எல்லாம் தேவையானவையே, எல்லாம் உட்கார்ந்து செய்பவையே. விளையாட்டுக்கு இடம் எங்கே? அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட பொழுதை விளையாட்டுக்கென ஒதுக்கி, டியூஷனை அதற்கு முன்னோ பின்னோ மாற்றி வையுங்கள். பள்ளிவாசலும் மதரஸாவும் நடக்கும் தூரத்தில் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மகனின் கையைப் பிடித்து நடந்து செல்லுங்கள். உடம்புக்குப் பயிற்சி, உறவுக்கும் நெருக்கம்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயது வரை பாண்டி ஆடியும் கயிறு தாண்டியும் திரிந்த மகள், பருவமடைந்த நாளிலிருந்து நாற்காலியோடு கட்டுண்டுவிடுகிறாள். சைக்கிள் நின்றுவிடுகிறது, ஓட்டம் நின்றுவிடுகிறது, நடை அடுக்களைக்கும் அறைக்குமாகச் சுருங்குகிறது. உண்ணும் அளவு மட்டும் குறைவதில்லை. கண்ணியம் காக்க வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் கண்ணியம் வேறு, அசைவின்மை வேறு. மொட்டை மாடியில் இறகுப்பந்து ஆடலாம். முற்றத்தில் கயிறு தாண்டலாம். தாயும் மகளும் அதிகாலையில் நடக்கலாம். பெண்கள் பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குப் பறிகொடாமல் காக்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை அறிந்த சமுதாயம், தன் பெண்பிள்ளையின் ஓட்டத்தைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

உறக்கமும் கைப்பேசியும்

உறக்கத்துக்கும் பருமனுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுகிறது. போதுமென்று சொல்லும் சுரப்பு குறைகிறது. அடுத்த நாள் மனம் இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையுமே நாடுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. சுபுஹுக்கு எழ வேண்டிய பிள்ளை இஷாவுக்குப் பின் விரைவில் உறங்கியாக வேண்டும் அல்லவா?

உறக்கத்தைக் கெடுப்பது கைப்பேசி. அதைக் கையில் கொடுத்து ஊட்டினால் பிள்ளை சண்டையின்றி உண்கிறான் என்று மகிழ்கிறோம். அவன் உண்பதை அவனே அறியவில்லை. பசி தீர்ந்ததையும் அறியவில்லை. உணவு விரிப்பில் கைப்பேசிக்கு இடமில்லை என்று சட்டம் செய்யுங்கள். அந்தச் சட்டம் வாப்பாவின் கைப்பேசிக்கும் பொருந்தும். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்குத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் சேர்ந்து நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது; அதற்கும் குறைவாயின் இன்னும் நல்லது.

பாசத்தின் விலை

வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையர் பலர் இதைப் படிக்கக்கூடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை சபரிலிருந்து வரும்போது பெட்டி நிறைய சாக்லேட். இடையிடையே ஊருக்கு வரும் நண்பர் மூலம் பிஸ்கட் டின். பிரிவின் வலியை இனிப்பால் ஈடுகட்ட விழையும் அந்த மனத்தை யார்தான் குறை சொல்வார்? ஆயினும் ஒரு பந்து, ஓர் இறகுப்பந்து மட்டை, ஓடுவதற்கேற்ற நல்ல காலணி ஆகியவையும் வாப்பாவின் பாசத்தைச் சுமந்து வரக்கூடியவையே. சாக்லேட் ஒரு வாரத்தில் தீரும். பந்து அடுத்த சபர் வரை உருளும்.

வீட்டில் உள்ள பாட்டிமாரிடம் சண்டையிடாதீர்கள். "இனி பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள்" என்றால் அவர்கள் உள்ளம் நொந்துபோகும். "நீங்கள் உரித்துக் கொடுத்தால்தான் அவன் கொய்யாப்பழம் தின்கிறான்" என்று சொல்லிப் பாருங்கள். ஊட்டும் கை மகிழும். ஊட்டும் பொருள் மாறும்.

நம்பிக்கையோடு தொடங்குங்கள்

பருத்த பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். எடை குறைக்கும் பொடி, டீ, மாத்திரை எதையும் நாடாதீர்கள். வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை குறைய வேண்டியதே இல்லை. ஏறாமல் நின்றாலே போதும். உயரம் கூடக் கூட உடல் தானே சீரடையும். பெரியவர்களுக்குக் கிட்டாத இந்த அருள் பிள்ளைகளுக்கு இருக்கிறது. எனினும் வளர்ச்சி நின்றுபோகும் வரை காத்திருந்தால் அந்த வாய்ப்புக் கைநழுவிவிடும். கழுத்துக் கறுமை, உறக்கத்தில் மூச்சுத் திணறல், மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் ஆகியவை இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முற்படாதீர்கள். ஒரு வாரத்தில் சலித்துவிடும். இந்த மாதம் வீட்டுக்குள் குளிர்பானம் வருவதில்லை என்று தொடங்குங்கள். அடுத்த மாதம் உணவு விரிப்பிலிருந்து கைப்பேசியை எடுங்கள். அதற்கடுத்த மாதம் அஸருக்குப் பின் விளையாட்டு. ஆண்டு திரும்பும்போது வீட்டின் வழக்கமே மாறியிருக்கும், இன்ஷா அல்லாஹ்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தின் உடம்பைப் பற்றியும் நாம் கேட்கப்படுவோம். நாடாவை எடுங்கள், இன்றே அளந்து பாருங்கள்!